போலந்து தேறியது, ரஷ்யா சறுக்கியது: ஏன்?

அரசுக் கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாற, போலந்தும் ரஷ்யாவும் ‘அதிர்ச்சி வைத்தியம்’ (விலைக் கட்டுப்பாடுகளை ஒரேயடியாக நீக்குவது போன்ற திடீர்ச் சீர்திருத்தம்) செய்துகொண்டன; அப்படியிருக்க, விளைவு ஏன் மாறியது என்பது கேள்வி. வேகமே காரணம் என்ற பழைய விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. போலந்து 1990 ஜனவரி 1 அன்றும், ரஷ்யா 1992 ஜனவரி 2 அன்றும் பெரும்பாலான விலைகளைக் கட்டவிழ்த்தன. ஆனால் போலந்து பெரிய அரசு ஆலைகளை விற்க அவசரப்படாமல், புதிய சிறுதொழில்களுக்கு வழிவிட்டது. 1990 மே மாதத்திலேயே உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தியது. ரஷ்யாவிலோ, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மய உரிமைச்சீட்டு (அரசு நிறுவனப் பங்குகளாக மாற்றிக்கொள்ளக்கூடியது) குடிமக்களுக்கு வழங்கப்பட்டபோதிலும், 1992இல் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்காகிச் சேமிப்பைக் கரைத்துவிட்டதால், பலர் (வெறும் காகிதம்தானே என்று) அதை அடிமாட்டு விலைக்கு விற்றனர். 1995இல் ‘கடனுக்குப் பங்கு’ ஏற்பாட்டின் வழியே (அரசுக்குக் கடன் கொடுப்பவர், ஈடாக அரசு நிறுவனப் பங்குகளை ஏலத்தில் பெறும் முறை) நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனம், யூகோஸ் என்ற எண்ணெய் நிறுவனம் போன்றவை சில வங்கியாளர்களின் கைக்குப் போயின. போட்டியே இல்லாத அந்த ஏலங்களைச் சந்தை என்று அழைப்பது பொருந்தாது. போலந்து 1996 வாக்கில் 1989ஆம் ஆண்டின் உற்பத்தி அளவை மீண்டும் எட்டியது. ரஷ்யாவுக்கு அதற்கு 2000களின் பிற்பகுதி வரை ஆயிற்று.