முந்நீரில் மீன் பிடித்த மாணவி

அம்மா, மகளுக்குக் கட்டுரை எழுத வரவில்லை, வருடத்துக்குச் சில ஆயிரம் கேட்கும் செயலியில் சேர்க்கலாமா என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் கேட்டீர்கள். வேண்டாம். அந்தப் பணம் கல்லூரி விண்ணப்பங்களுக்கு ஆகும். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வேண்டிய அகராதியெல்லாம் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது.

அவள் நோட்டைப் படித்தேன். தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக் காலையைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரி: ‘முந்நீரில் மீன் பிடிக்கப் போனார்கள்.’ எங்கே பிடித்தாய் இந்தச் செய்யுள் சொல்லை என்றேன். ‘கடல்’ என்று தேடினாளாம். ஆழி, பரவை, முந்நீர் என்று வரிசையாக வந்ததாம். இருப்பதில் கம்பீரமானதை எடுத்துக்கொண்டாளாம். சிரித்துவிட்டேன், ஆனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன். எந்தச் சொல் எந்த வரியில் உட்காரும் என்று அந்த வரிசை சொல்வதில்லையே. என் வருத்தம் வேறு. தாத்தா சொல்லும் ‘கொண்டல்’ என்ற சொல்லை முதலில் எழுதி, அப்புறம் அடித்துவிட்டு, ‘கிழக்குக் காற்று’ என்று போட்டிருக்கிறாள். பேச்சு வழக்கு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கொண்டல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலேயே இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியை இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வீட்டில் புழங்கும் சொற்களை அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமானது, எதை முதலில் செய்வது என்பதுதான். முதலில் போனை உங்களிடம் கொடுத்துவிட்டு முழுக் கட்டுரையையும் கையால் எழுதட்டும். மனசுக்கு ஒட்டாத சொல்லைச் சுழித்து வைக்கட்டும். முடித்த பிறகு, சுழித்ததில் நான்கைந்தை மட்டும் தேடினால் போதும்.

ஆங்கிலத்துக்கு கேம்பிரிட்ஜ் அகராதி நல்லது. பொருளைவிட அதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் அவள் படிக்க வேண்டும். ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள். அந்த வாக்கியங்களைப் பார்த்தால் ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் ‘அபௌட்’ தேவையில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். சொல் நாக்கு நுனியில் நின்று வராமல் போனால் ஒன்லுக் தளத்தில் பொருளை விளக்கித் தட்டலாம், பொருந்தும் சொற்களைக் காட்டும்.

தமிழில் அவளுக்குச் சிக்கல் ஒற்றுதான். அதற்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று இணையத்தில் திருத்தும் கருவிகள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். காட்டுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். ஊர்ப்பெயரையும் பேச்சுச் சொல்லையும் இப்படிப்பட்ட கருவிகள் பிழை என்று சொல்லிவிடும். ஒத்துக்கொண்ட திருத்தத்தை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஒரு விதியை மட்டும் தமிழாசிரியையிடம் கேட்டால் போதும்.

பத்தி முழுவதையும் மாற்றி எழுதித் தரும் பொத்தான் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வு எழுத ஆசை என்றாள். அதன் முதன்மைத் தேர்வு விரிவாகக் கையால் எழுதும் தேர்வு, தமிழ்த் தகுதித்தாளும் உண்டு. தேர்வறையில் போன் கிடையாது.

சனிக்கிழமை அந்தக் கட்டுரையோடு அவளை அனுப்புங்கள். கொண்டலைத் திரும்பப் போட்டிருக்கிறாளா என்று முதலில் பார்ப்பேன்.