256-பிட் என்று சொன்னால் போதுமா?

கேள்வி: அல்சூரில் வீட்டிலிருந்தபடியே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறேன். லேப்டாப்பில் பலருடைய பான், ஆதார், வங்கி விவரங்கள் இருக்கின்றன. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் ஒருவர், "ராணுவத் தரத்தில் 256-பிட் என்கிரிப்ஷன், ஃபைல் வால்ட், பாஸ்வேர்டு மேனேஜர், ஷ்ரெடர், விபிஎன் எல்லாம் இதிலேயே இருக்கிறது" என்று ஒரு செக்யூரிட்டி மென்பொருளுக்கு மூன்று வருடச் சந்தா கட்டச் சொல்கிறார். வாங்கலாமா?
– பெங்களூரு வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள். கடைக்காரர் சொல்லும் 256-பிட் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறை (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) 2001இலேயே அமெரிக்க அரசின் தரமாக வெளிவந்துவிட்டது. கோப்புகளைச் சுருக்க இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பிலும் அதேதான் இருக்கிறது. பூட்டு எல்லாரிடமும் ஒன்றுதான். சாவி யார் கையில் என்று கேளுங்கள்.

கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்: "எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துபோனால் என்ன செய்வீர்கள்?" ஈமெயிலில் ஒரு லிங்க் வரும், புதிதாக வைத்துக்கொள்ளலாம், கோப்புகளும் அப்படியே இருக்கும் என்றால், அவற்றைத் திறக்கும் வழி நிறுவனத்திடமும் இருக்கிறது என்று அர்த்தம். "எங்களால் மீட்டுத் தர முடியாது, ரெக்கவரி கோடை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்" என்றால் நல்லது.

எதெல்லாம் என்கிரிப்ட் ஆகிறது என்பதும் முக்கியம். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரின் வாடிக்கையாளர்களுடைய வால்ட் (பூட்டிய பெட்டகம்) நகல்கள் திருடு போயின. பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் ஆகியிருந்தன, ஆனால் இணையதள முகவரிகள் அப்படியே படிக்கிற மாதிரி கிடந்தன. யாருக்கு எந்த வங்கியில் கணக்கு என்று ஊகிக்க அது போதுமே! நல்ல பாஸ்வேர்டு மேனேஜர்கள், மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகித்துத் திறப்பதைக் கடினமாக்கும் முறைகளான ஆர்கான்2 அல்லது பல லட்சம் சுற்று பிபிகேடிஎஃப்2 பயன்படுத்துவதாக வெளிப்படையாகச் சொல்கின்றன. அந்த விவரமே இல்லாத மென்பொருளில் என் பாஸ்வேர்டுகளை வைக்க மாட்டேன்.

உங்கள் நிலையில் பெரிய ஆபத்து, மெட்ரோவிலோ ஆட்டோவிலோ லேப்டாப் தொலைந்துபோவது. அதற்கு முழு டிஸ்க்கும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும். அந்த வசதிக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்திருக்கக்கூடும். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். புரோ பதிப்பென்றால் பிட்லாக்கர், மேக் என்றால் அதிலேயே வரும் ஃபைல்வால்ட். விண்டோஸில் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உண்டு. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதாவது சாவி அங்கேயும் இருக்கிறது. திருடனிடமிருந்து காக்க இது போதும், ஆனால் அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் போடுங்கள். கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நீங்கள் லாகின் செய்து வேலை பார்க்கும்போது டிஸ்க் திறந்துதான் இருக்கும். அப்போது நுழையும் வைரஸை இந்த என்கிரிப்ஷன் தடுக்காது. வாடிக்கையாளர் கோப்புகளைத் தனி வால்ட்டில் வைத்து, வேலை முடிந்ததும் மூடுவது நல்லது. இதற்கு வெராகிரிப்ட் இலவசமாகவே கிடைக்கிறது.

கோப்புகளை மீட்க முடியாதபடி அழிப்பதாகச் சொல்லும் ஷ்ரெடருக்காகக் காசு கொடுக்காதீர்கள். இப்போதைய லேப்டாப்களில் டிஸ்க்காக இருக்கும் எஸ்எஸ்டியில் ஒரு கோப்பின் மேல் திரும்ப எழுதினாலும், புதிய தகவல் வேறு இடத்தில் பதிவாகலாம். பழையது அழிந்தது என்று உறுதியில்லை.

விபிஎன் போட்டால் உங்கள் இணையத் தொடர்பு அந்த நிறுவனத்தின் வழியாகப் போகும், அதனால் பிரைவசி பாலிசியைப் படித்துவிடுங்கள். பாதுகாப்பு மென்பொருள் என்பதாலேயே நம்பிவிட முடியாது. பயனர்களின் பிரவுசிங் விவரங்களை விற்றதற்காக 2024இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

ஆக, என்கிரிப்ஷனுக்காக மட்டும் என்றால் இந்தச் சந்தா வேண்டாம். விண்டோஸுடனே வரும் டிஃபெண்டர் போதாது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று தோன்றினால், ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஆட்டோ ரினியூவலை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.