கொரோனாவும் ஸ்கேன் அறையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொரோனா வந்ததும் ஸ்கேன் சென்டர்கள் காசு அள்ளின என்கிறார்களே, உண்மையா? (சேலம் வாசகர்)

எந்த மாதத்தைக் கேட்கிறீர்கள்? 2020 ஏப்ரலில் பல இடங்களில் மெஷின்கள் சும்மாதான் கிடந்தன. புறநோயாளிப் பிரிவு கிடையாது, அவசரமில்லாத ஆபரேஷன்கள் நிறுத்தம், பஸ்ஸும் ஓடவில்லை. முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க யார் வருவார்கள்? நியூயார்க் வட்டாரத்தின் நார்த்வெல் ஹெல்த் மருத்துவமனைகள் தங்கள் கணக்கையே வெளியிட்டன. ஏப்ரல் நடுவாக்கில் ஒரு வாரத்தை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைத் தேடும் படம்) 94 சதவீதம், எம்.ஆர்.ஐ. 74 சதவீதம், சி.டி. 46 சதவீதம் குறைவு. எக்ஸ்-ரே மட்டும் 22 சதவீதச் சரிவோடு தப்பியது. மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருக்குக் கட்டிலருகே போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும் படம் அதுதானே!

நம் ஊரில் கூட்டம் அலைமோதியது 2021 ஏப்ரல், மே மாதங்களில். அதுவும் மார்பு சி.டி.க்கு மட்டும். பிறகு கரும்பூஞ்சை பரவியபோது சைனஸுக்கும் கண்ணுக்கும் எம்.ஆர்.ஐ. கேட்டு வந்தார்கள்.

ஒரு சி.டி. 300 எக்ஸ்-ரேவுக்குச் சமம் என்று அப்போது பயமுறுத்தினார்கள். நான் இரண்டு முறை எடுத்தேன். (மதுரை வாசகி)

2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா சொன்னது 300 முதல் 400. இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கம் உடனே மறுத்து, 5 முதல் 10தான் என்றது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கணக்கும் வரும். நேராக எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்-ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு). வழக்கமான மார்பு சி.டி. 6, 7 மில்லிசீவர்ட். வகுத்தால் 300க்கு மேல் போகும். புதிய மெஷினில் அளவை நன்றாகக் குறைத்து எடுத்தால் சங்கத்தின் எண் கிடைக்கும். எல்லா ஊரிலும் அப்படித்தான் எடுத்தார்களா என்பது வேறு கேள்வி.

இரண்டு சி.டி.க்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் குலேரியாவின் அறிவுரையில் எனக்கு முழு உடன்பாடு. ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும் லேசான காய்ச்சலுக்கு சி.டி. தேவையே இல்லை. முதல் இரண்டு நாளில் எடுத்தால் நுரையீரல் சுத்தமாகத் தெரியலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் ஆபத்து. மக்களையும் குறை சொல்ல முடியாது. ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வர நாட்கள் ஆனால், கையில் உடனே கிடைக்கும் சோதனையைத் தேடித்தான் போவார்கள். சீனாவின் ஹூபேயிலும் இதேதான். படம் பார்த்து மருத்துவர் முடிவு செய்தவர்களையும் சேர்த்ததால் 2020 பிப்ரவரி 12 ஒரே நாளில் 14,840 பேர் கணக்கில் ஏறினார்கள். அப்புறம், நுரையீரல் எவ்வளவு பாதித்தது என்று சி.டி. ரிப்போர்ட்டில் போடும் அந்த ‘25க்கு எத்தனை’ ஸ்கோர். அதைப் பரீட்சை மார்க் போல வாட்ஸ்அப்பில் ஒப்பிட்டது தேவையில்லாத கலக்கம்.

ஸ்கேனுக்கு வந்த ஆளே குறைவு, ஆனாலும் காத்திருக்க வைத்தார்களே? (ரேடியோகிராபி மாணவர்)

தொற்றுள்ள ஒருவர் போனதும் மெஷினைத் துடைக்க வேண்டும், அறைக் காற்று மாறும் வரை பொறுக்க வேண்டும், ஊழியர் கவச உடை மாற்ற வேண்டும். படம் எடுக்கும் நேரத்தைவிட இதற்குத்தான் நேரம் போனது.

தடுப்பூசி போட்டால் மேமோகிராமைத் தள்ளிப்போட வேண்டுமா? (கோவை வாசகி)

வேண்டாம். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம், படத்தில் அது சந்தேகத்தைக் கிளப்பும். அதனால் 2021இல் அமெரிக்க மார்பகப் படவியல் சங்கம் 4 முதல் 6 வாரம் இடைவெளி விடச் சொன்னது. 2022இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. எந்தக் கையில், எப்போது போட்டீர்கள் என்று டெக்னீஷியனிடம் சொன்னால் போதும். கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

2022இல் அமெரிக்காவில் சி.டி.க்கு ‘டை’ ஊசி மருந்து கிடைக்காமல் போனதாமே? (சென்னை வாசகர்)

ஆமாம். ரத்தக் குழாய்களும் உறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரியப் போடும் மருந்துதான் டை. ஷாங்காயில் கொரோனா ஊரடங்கு வந்ததால் ஜி.இ. ஹெல்த்கேரின் ஆலை உற்பத்தி தடைபட்டது. அமெரிக்க மருத்துவமனைகள் இருந்த டையைப் பங்கிட்டன; பக்கவாதம், விபத்து போன்றவற்றுக்கு முதலிடம், மற்றவர்களுக்கு டை இல்லாத சி.டி. அல்லது வேறு ஸ்கேன்.