54 சதவீத வாக்கு வாங்கியும் மரீன் லு பென் 2022-ல் முதல் சுற்றில் ஏன் வெல்லவில்லை?

கேள்வி: பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் பிரான்சில் முதல் சுற்றிலேயே வெற்றி என்கிறார்கள். 2022 நாடாளுமன்றத் தேர்தலில் தீவிர வலதுசாரித் தலைவி மரீன் லு பென் தன் தொகுதியில் கிட்டத்தட்ட 54% வாங்கியும் இரண்டாம் சுற்றுக்குப் போனது எப்படி? அந்தத் தொகுதி என்றைக்குமே அவர் கட்சியின் கோட்டைதானா?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பாதிக்கு மேல் வாக்கு என்பது ஒரு நிபந்தனை மட்டுமே. இன்னொன்றும் இருக்கிறது: அந்த வாக்குகள், பட்டியலில் பெயர் உள்ள மொத்த வாக்காளர்களில் கால் பங்காவது இருக்க வேண்டும். 2022 ஜூன் 12 அன்று வட பிரான்சின் பா-த-கலே மாவட்டத்தின் 11-வது தொகுதியில் லு பென் வாங்கியது 53.96%. முதல் நிபந்தனை தேறியது, இரண்டாவது இடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 53.96% என்பது மொத்தப் பட்டியலில் 25 சதவீதம் ஆக வேண்டுமானால், செல்லுபடியான வாக்குகள் பட்டியலில் 46.3 சதவீதத்தையாவது தாண்டியிருக்க வேண்டும். அத்தனை பேர் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் களம் இறங்கி 61.03% வாங்கி வென்றார். எதிரே நின்றவர் பசுமைக் கட்சியின் மரீன் தோந்தெலியே. தொகுதிக்குள் உள்ள எனான்-பொமோன் ஊரின் நகரமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தவர், அந்த ஆண்டு இறுதியில் தன் கட்சியின் தேசியத் தலைமைக்கு வந்தார்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். என் பூர்வீகம் காரைக்கால். இப்போது குடியிருப்பது லில் நகரில். எனான்-பொமோன், கார்வேன், கூரியேர் என்று இந்தத் தொகுதியின் ஊர்கள் எல்லாம் எங்களுக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கின்றன. நெடுஞ்சாலையில் போகும்போது சமவெளியின் நடுவே கரிய கூம்புகள் எழுந்து நிற்கும். மலை அல்ல, சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய கழிவுக் குவியல்கள். அவற்றுக்கு அடியில்தான் இந்தத் தொகுதியின் பழைய அரசியல் புதைந்து கிடக்கிறது.

இது நிலக்கரி நாடு. 1906 மார்ச் 10 அன்று கூரியேர் நிறுவனத்தின் சுரங்கங்களில் நடந்த வெடிப்பில் 1,099 பேர் இறந்தார்கள். இருபது நாள் கழித்து 13 பேர் இருட்டுக்குள் வழி தேடி உயிரோடு வெளியே வந்தார்கள். மீட்புப் பணியை நிர்வாகம் சீக்கிரமே கைவிட்டுவிட்டது என்ற ஆத்திரத்தில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. இப்படிப்பட்ட மண்ணில் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் தலைமுறை தலைமுறையாக வென்றதில் வியப்பில்லை. தொழிற்சங்கம், நகராட்சி, கம்பெனி வீடு, கால்பந்துக் குழு எல்லாம் ஒரே வலையில் இருந்தன. 1990 டிசம்பரில் உவாஞி ஊரில் கடைசி வண்டி நிலக்கரி மேலே வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. பிறகு 2003-ல் நுவாயேல்-கொதோ ஊரின் மெதலேரோப் ஈய உருக்காலை மூடப்பட்டு 830 பேர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். மண்ணில் ஈயத்தை விட்டுவிட்டு ஆலை போய்விட்டது.

ஆனால் ஆலை மூடியதால் மக்கள் வலதுசாரிப் பக்கம் சாய்ந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிற கட்டுரைகள் எனக்கு உவப்பில்லை. ஆலை மூடிய ஊர்கள் பிரான்சில் ஏராளம். இங்கே கூடுதலாக இரண்டு நடந்தன. ஒன்று, எனான்-பொமோன் நகராட்சியின் சீரழிவு. இடதுசாரி மேயர் ழெரார் தலோஞ்வில் 2009-ல் பொதுப்பண மோசடி வழக்கில் கைதானார், பதவி பறிபோனது, பின்னர் தண்டனையும் கிடைத்தது. மற்றொன்று, ஸ்டீவ் பிரியுவா என்ற உள்ளூர்க்காரர். அப்போது தேசிய முன்னணி என்ற பெயரில் இருந்த லு பென் கட்சியின் ஆளாக 1990-களிலிருந்தே அந்த ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் நின்று தோற்றுக்கொண்டிருந்தார். 2009 நகராட்சி இடைத்தேர்தலில் அவரது அணி இரண்டாம் சுற்றில் 47.62% வரை வந்து நூலிழையில் நழுவவிட்டது. 2014-ல் முதல் சுற்றிலேயே 50 சதவீதத்தைத் தாண்டி மேயரானார், 2020-ல் 74%. லு பென் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது பிரியுவா உழுது வைத்திருந்த நிலம் என்பதால்தான். தொலைக்காட்சியில் தலைவியின் முகம் மட்டுமே தெரிகிறது. உழைப்பு பிரியுவாவுடையது என்பது என் கட்சிச் சார்பற்ற கருத்து. அவர்களுக்கு நான் வாக்களித்ததில்லை.

தொகுதி எண்ணை வைத்து வரலாறு தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2010 மறுவரையறையில் பா-த-கலேயின் தொகுதிகள் 14-லிருந்து 12 ஆகக் குறைந்தன. 2012 தேர்தல்தான் புதிய எல்லைகளில் நடந்த முதல் தேர்தல். எனான்-பொமோன் அதற்கு முன் 14-வது தொகுதியில் இருந்தது. '11-வது தொகுதி' என்று பழைய பட்டியலைப் புரட்டினால் வேறு ஊர்க்காரர்களின் கதையைத்தான் படிப்பீர்கள்.

லு பென்னின் தொடக்கம் அங்கேயும் இல்லை. 2002-ல் பக்கத்து லான்ஸ் நகரை ஒட்டிய 13-வது தொகுதியில் நின்று, இரண்டாம் சுற்றில் 32% வாங்கித் தோற்றார். 2007-ல் எனான்-பொமோனுக்கு வந்தார். அந்த ஆண்டு நாடு முழுவதும் இரண்டாம் சுற்றை எட்டிய ஒரே தேசிய முன்னணி வேட்பாளர் அவர்தான். சோஷலிஸ்டான அல்பேர் ஃபாகோன் 58.35% வாங்கி அவரைத் தோற்கடித்தார். அந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

2012-ல் நடந்ததுதான் எல்லோரும் பேசும் தேர்தல். அதிபர் தேர்தலில் அப்போதுதான் தோற்றிருந்த இடதுசாரித் தலைவர் ழான்-லுக் மெலான்ஷோன், லு பென்னை நேருக்கு நேர் சந்திப்பேன் என்று வேறு ஊரிலிருந்து வந்து இறங்கினார். கேமராக்கள் குவிந்தன. சந்தைக்குக் காய்கறி வாங்க வந்தவர்களைவிட நிருபர்கள் அதிகம் என்று இங்கே கேலி பேசினார்கள். கடைசியில் லு பென் 42%, சோஷலிஸ்டான கார்வேன் மேயர் பிலிப் கெமெல் 23.5%, மெலான்ஷோன் 21% சொச்சம். மூன்றாவதாக வந்த மெலான்ஷோன், கெமெலுக்கு வாக்களிக்கும்படி தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் சுற்றில் கெமெல் 50.11%, லு பென் 49.89%. வித்தியாசம் 118 வாக்குகள். அதே நாளில் தெற்கே வொக்லூஸ் மாவட்டத்தில் லு பென்னின் 22 வயது அக்காள் மகள் மரியோன் மரேஷல் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். கட்சித் தலைவி வெளியே, அக்காள் மகள் உள்ளே!

118 என்பது எவ்வளவு சிறியது என்பது வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் நான் எண்ணிக்கைக்கு உதவப் போவதுண்டு; பட்டியலில் பெயர் உள்ள எவரும் போகலாம். இங்கே இயந்திரமும் இல்லை, சின்னமும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் பெயர் அச்சிட்ட தனித் தாள். வேண்டியதை உறையில் போட்டு, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் இட வேண்டும். மாலையில் உறைகளை நூறு நூறாகக் கட்டி மேசைக்குக் கொண்டுவருவார்கள். ஒருவர் உறையைப் பிரிப்பார், ஒருவர் பெயரை உரக்கப் படிப்பார், இருவர் கோடு போடுவார்கள். தாளில் யாராவது பேனாவால் ஒரு வசை எழுதியிருந்தால் அது செல்லாது. உறை காலியாக இருந்தால் அது வெற்று வாக்கு. தனியாக எண்ணப்படும், ஆனால் சதவீதக் கணக்கில் சேராது. 118 என்றால் ஒரு கட்டும் இன்னொரு கட்டில் கொஞ்சமும்தான். அதை ஊதித் தள்ள ஒரு தெருவின் கோபம் போதும்.

2017-ல் புதிய அதிபர் மக்ரோனின் அலை நாடெங்கும் அடித்தது. இங்கே அது சோஷலிஸ்டுகளை மட்டும் அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் சுற்றில் லு பென் எதிரே நின்றது மக்ரோன் கட்சியின் ஆன் ரோக்கே. லு பென் 58.60%. 2007-ல் ஃபாகோன் வாங்கியதும் ஏறக்குறைய இதேதான். பத்தே ஆண்டில் எண் அப்படியே கட்சி மாறிவிட்டது. சுரங்கத் தொழிலாளியின் பேரனிடம் பாரிஸ் மேலாளர் பாணிப் பேச்சு எடுபடும் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை.

இங்கேதான் உங்கள் 2022 கேள்வி மறுபடி வருகிறது. கூட்டம் அதிகம் வந்தால் தீவிர வலதுசாரிகள் தோற்பார்கள் என்று பிரான்சில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தத் தொகுதி அதைத் தலைகீழாக்கிவிட்டது. 2022-ல் பலர் வீட்டில் இருந்தார்கள். அதனால் அவரது வெற்றி ஒரு வாரம் தள்ளிப்போனது. 2024-ல் மக்ரோன் அவையைக் கலைத்த பிறகு, முதல் சுற்றில் நாடு முழுவதும் 66.7% பேர் வாக்களித்தார்கள். 2022-ல் அது 47.5% மட்டுமே. இங்கேயும் மக்கள் திரண்டு வந்தார்கள். லு பென் 58.04% வாங்கி ஜூன் 30 அன்றே வென்றார். வீட்டில் இருந்தவர்களுக்குள் அவருடைய ஆட்களும் கணிசமாக இருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, என்றைக்குமே கோட்டையா என்றால், இல்லை. இப்போது கோட்டையா என்றால், ஆம். அவர் போனால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்கிறார்கள். 2025 மார்ச் 31 அன்று ஐரோப்பிய நாடாளுமன்ற உதவியாளர்களுக்கான பணத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பிய வழக்கில் அவருக்குத் தண்டனையும், உடனே நடைமுறைக்கு வரும் ஐந்தாண்டுத் தேர்தல் தடையும் விதிக்கப்பட்டன. அவர் மேல்முறையீடு செய்தார். பா-த-கலே மாவட்ட மன்ற இருக்கை அவர் கையைவிட்டுப் போனது. ஆனால் தேசிய அவை உறுப்பினர் பதவியைப் பறிக்கத் தீர்ப்பு இறுதியாக வேண்டும் என்பது அரசியலமைப்பு மன்றத்தின் நிலைப்பாடு. அதனால் 11-வது தொகுதியின் உறுப்பினராக அவர் நீடித்தார்.