ஊட்டியில் உங்கள் அறை பள்ளத்திலா, மேட்டிலா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நவம்பர் கடைசி வாரம் ஊட்டியில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு காந்தல். எங்களுக்கு ஏரிக்குப் பக்கத்தில் அறை பார்த்து வைத்திருக்கிறார்கள், நான்கு நாள் தங்க வேண்டும். மாமியாருக்கு 67 வயது, வீசிங் உண்டு. ஒருவர் அங்கே ஐஸ் கட்டும் என்கிறார், இன்னொருவர் மழைதான் பெய்யும் என்கிறார். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிறார். போன வருஷம் பேப்பரில் 4 டிகிரி, உறைபனி என்று போட்டிருந்தார்கள். 4 டிகிரியில் எப்படி உறையும்? மாமியாரை அழைத்துப் போகலாமா, எம்.சி. ரோட்டில் என்னென்ன வாங்குவது? ஆறாவது படிக்கும் மகன் ஐஸைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று நிற்கிறான்."

அழைத்துப் போகலாம். ஆனால் அந்த ஏரிக்கரை அறையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இப்போது பெரம்பூர்வாசி. வானிலைக் கருவிகளைப் படித்துக் குறிக்கும் வேலையில் இருந்த காலத்தில் மூன்று குளிர்காலங்களை ஊட்டியில் கழித்தேன். அதில் முதல் குளிர்காலத்தை, உங்களுக்குப் பார்த்து வைத்திருப்பதைப் போன்ற ஒரு பள்ளத்து அறையில் கழித்த முட்டாள் நான். தேங்காய் எண்ணெய் பாட்டில் முதல் நாள் ராத்திரியே கல்லாகிவிட்டது. நம் ஊரில் மார்கழி விடியலில் கொஞ்சம் வெளுக்குமே, அப்படி இல்லை; கவிழ்த்துத் தட்டினாலும் அசையாத கல். அடுத்த வருஷம் நடந்தால் ஐந்து நிமிடத் தொலைவில், சரிவில் ஒரு வீட்டுக்கு மாறினேன். அதே ஊர், அதே மாதம், ஆனால் விடியற்காலை வேறு.

காரணம் இதுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆகவே நமக்கு 29 டிகிரி பகல் என்றால் அங்கே 14, 15 இருக்க வேண்டும். பகலில் கிட்டத்தட்ட இந்தக் கணக்குப்படிதான் இருக்கும். இரவில்தான் கணக்கு தப்பும். ஏனென்றால் ஊட்டி மலை உச்சியில் இல்லை, சுற்றிலும் மலை நிற்க நடுவே ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. ஏரி, பேருந்து நிலையம், பழைய குதிரைப் பந்தயத் திடல், காந்தல் எல்லாம் அந்தக் கிண்ணத்தின் அடிப்பக்கம்.

சூரியன் இறங்கியதும் தரை தன் சூட்டை வானத்துக்கு விட ஆரம்பிக்கும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். மேகம் இல்லாவிட்டால் போனது போனதுதான். தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் மாதிரி மெல்ல இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். இதைப் புரியவைக்க உங்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டாம். சுற்றுப்பட்ட தெருக்களின் மழைத் தண்ணீரெல்லாம் கணேசபுரம் சுரங்கப்பாதையில் வந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். ஊட்டியில் ராத்திரி முழுக்க குளிர் அப்படித்தான் வடிந்து வந்து நிற்கிறது. மேலே சரிவில் இருப்பவர்கள் அந்தத் தண்ணீருக்கு மேல் தலை நீட்டியவர்கள்.

கனமான குளிர்காற்று கீழேயும், இளஞ்சூடான காற்று மேலேயும் மூடி போட்டது போல நிற்பதை நம் பக்கமும் பார்க்கலாம். மார்கழி விடியலில் மணலி, எண்ணூர் புகைபோக்கிகளிலிருந்து வரும் புகை மேலே போகாமல் தட்டையாகப் பரவி நிற்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியதும் இந்த மூடியின் வேலைதான். இதே கூத்து ஊட்டியில் கிண்ணத்துக்குள் நடப்பதால் இன்னும் கடுமை. ஏறத்தாழ 400 மீட்டர் உயரே தொட்டபெட்டா சரிவில் நிற்பவருக்கு, கீழே காந்தலில் நிற்பவரைவிடக் குறைவாகக் குளிரும் காலைகள் உண்டு. சொன்னால் நம்ம ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், "மேலே போனால்தானே குளிரும்" என்று.

சரி, 4 டிகிரியில் எப்படி உறையும்? பேப்பரில் வரும் எண், சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. புல் நுனியில் கிடக்கும் வெப்பமானி வேறு கதை சொல்லும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இரண்டுக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் சகஜம், சில நாள் அதற்கும் மேல். ஒரு காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டிக்குள் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். குனிந்து புல் வெப்பமானியைப் படிக்கப் போனால் அதன் கண்ணாடி மேலேயே உப்புப் பொடி தூவிய மாதிரி வெள்ளை. விரலால் துடைத்துவிட்டுத்தான் எண்ணைப் படித்தேன், பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று. வெளியே நிறுத்தியிருந்த மொபெட்டின் சீட் வெள்ளை, பின்பக்கத் தொட்டியின் ஓரத்தில் அப்பளம் மாதிரி மெல்லிய ஐஸ். ஆக, பேப்பரும் பொய் சொல்லவில்லை, உறைபனியும் பொய் இல்லை. அங்குள்ளவர்கள் முதலில் விழுவதை நீர்ப்பனி என்பார்கள், அது உறைந்தால் உறைபனி. நம் ஊர்ப் பனி நீர்ப்பனியோடு நின்றுவிடும்.

இப்போது மழையா, பனியா என்ற சண்டைக்கு வருவோம். இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் ஒரே ராத்திரியில் இரண்டும் வராது. நவம்பர் கடைசி என்பது வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத காலம். வங்கக் கடலில் ஏதாவது உருவாகி நமக்கு மழை என்றால் அங்கும் மேகம் மூடும். அப்போது பகல் 14, இரவு 10 என்று வித்தியாசமே இல்லாமல், நசநசவென்று ஈரக் குளிர் இருக்கும், உறைபனி மட்டும் இருக்காது. அந்தக் காற்றழுத்தத் தாழ்வு விலகி, வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாகி, காற்றும் அடங்கினால் அடுத்த இரண்டு மூன்று இரவுகள்தான் ஆபத்து. பகலில் முகம் சுடும் வெயில், 19 டிகிரி, விடிவதற்குள் 4. "வெயில் நல்லா அடிக்குது, இன்னைக்குக் குளிராது" என்று அறை ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் எல்லோரும் சமவெளிக்காரர்களே. ஆகவே போனில் வெப்பநிலையைப் பார்ப்பதைவிட மேகம் எத்தனை சதவீதம், காற்று எவ்வளவு என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரவு மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால் போட்டிருக்கும் குறைந்தபட்ச எண்ணிலிருந்து பள்ளத்துக்கு இரண்டு மூன்று டிகிரி நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

மழையில் எனக்குக் கவலை ஊட்டியைப் பற்றியதல்ல, வழியைப் பற்றியது. வடகிழக்கு மழையை வாங்கிக்கொள்வது மலையின் கிழக்குச் சரிவுகள்: பர்லியார், குன்னூர், கோத்தகிரி பக்கம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த மழையின் மண் சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போகும் குன்னூர் சாலை, கோத்தகிரி சாலை, மலை ரயில் மூன்றுமே அந்தச் சரிவுகளில்தான் ஏறுகின்றன. நவம்பரில் மலை ரயில் ரத்தாவது புதிதல்ல, அதை மட்டும் நம்பி நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பாதீர்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் இருட்டில் மலை ஏறவும் வேண்டாம். இன்னொன்று, நம் பக்கம். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரலில் இருந்து ரயிலே கிளம்பாது என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலை போய்ச் சேர்வது போல டிக்கெட் எடுக்காமல், இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். மாமியாருக்கும் அந்த ஒரு நாள் தேவை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி நம் ஊரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும், பயப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் அடங்க வேண்டும். உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் மருத்துவமனைதான், சுக்குக் கஷாயம் இல்லை.

போவதற்கு முன் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு நடை காட்டிவிடுங்கள், மாத்திரை, இன்ஹேலர் அளவை அவர் சொல்லட்டும். நான் சொல்லக்கூடியது குளிரைப் பற்றி மட்டும். வீசிங் உள்ளவர்களைத் தொந்தரவு செய்வது, குளிர்ந்த வறண்ட காற்று நேராக மார்புக்குள் போவதுதான். காதில் பஞ்சு வைப்பதைவிட மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு பருத்தித் துண்டு கட்டுவது மேல். உள்ளே இழுக்கும் காற்று கொஞ்சம் சூடாகிப் போகும். இன்ஹேலரைக் கைப்பையில் போட்டு வைக்காமல் ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில்லிட்டுப்போன இன்ஹேலர் மருந்தைச் சரியாகப் பீய்ச்சாது.

பிறகு அந்தத் தலைக்குளியல். விசேஷ நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைக்குக் குளிக்காமல் மாமியார் மண்டபத்துக்கு வருவாரா? வரமாட்டார், தெரியும். குளிரின் அடிமட்டம் நள்ளிரவில் இல்லை, சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான். பள்ளத்தில் மலை மறைப்பதால் வெயில் எட்டுவது இன்னும் தாமதம். அந்த நேரத்தில் ஈரத்தலையோடு இருந்தால் வெந்நீரில் குளித்த பலனெல்லாம் போச்சு. முந்தின நாள் மதியம் வெயிலில் தலைக்குக் குளித்துக் காயவைத்துவிட்டு, விசேஷத்தன்று உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளும்படி நாத்தனாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாது, மகள் சொன்னால் எடுபடும்.

அறை விஷயம். ஃபெர்ன்ஹில், எல்க் ஹில் போலச் சரிவில் உள்ள பக்கமாகக் கேளுங்கள். உச்சி வேண்டாம், அங்கே காற்று அடிக்கும். சரிவின் நடுப்பகுதி போதும், ஜன்னல் கிழக்குப் பார்த்திருந்தால் காலை வெயில் முதலில் உங்களுக்குத்தான். மாற்றவே முடியாது என்றால் தரைத்தளம் வேண்டாம், முதல் மாடி வாங்குங்கள். அறைக்குள் கரி அடுப்பு, கணப்பு எதையும் யார் அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் ஏற்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். மலையூர்களில் இது நடந்திருக்கிறது. வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை, போர்வைக்குள், போதும்.

எம்.சி. ரோட்டுக்குப் போனால் தடிமனாக ஒரே ஸ்வெட்டர் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தோற்பது இந்த இடத்தில்தான். காலை 4, மதியம் 19 என்கிற ஊரில் கழற்றிக் கழற்றிப் போட வசதியாக மெல்லிய மூன்று அடுக்கு வேண்டும்: உள்ளே உடம்பைப் பிடிக்கும் தெர்மல், நடுவே ஸ்வெட்டர், மேலே காற்றும் தூறலும் புகாத ஒரு ஜெர்கின். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் குளிரில் எதிரி, மாற்று பனியன் கூடுதலாக எடுங்கள். பணம் குறைவாக இருந்தால் சாக்ஸுக்கும் குல்லாவுக்கும் செலவிடுங்கள். மண்டபத்துக் கல்தரையில் பட்டுப்புடவையோடு இரண்டு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள், ஜமக்காளத்துக்கு மேல் ஒரு கம்பளி விரித்தால் அதன் அருமை தெரியும். தாகம் எடுக்காது, ஆனால் உதடு வெடிக்கும்; எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எப்படியும் ஃபிளாஸ்க் வேண்டும். சொந்தக் காரில் போனால் இ-பாஸ் பதிந்துவிட்டுப் போங்கள். காலையில் கார் கண்ணாடி வெள்ளையாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

கடைசியாக மகன். வானம் தெளிந்த ஓர் இரவு கிடைத்தால் அவனுக்கு யோகம். அகலமான எவர்சில்வர் தட்டு ஒன்றில் விரல் நகம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கீழே காய்ந்த புல்லோ பழைய செய்தித்தாளோ நாலு மடிப்பு போட்டு, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், திறந்த வானத்துக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த புல் தரையின் சூட்டைத் தடுக்கும், வானம் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்து நம் ஐஸ் ஹவுஸில் இறங்கிய காலத்துக்கு முன்பே, வட இந்தியாவில் வைக்கோல் பரப்பி மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து இப்படித்தான் ஐஸ் எடுத்தார்கள். இதற்குச் சரிவு அறை உதவாது. தட்டை காந்தலில் மாப்பிள்ளை வீட்டுப் பின்புறம் வையுங்கள். காலை ஆறேகாலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், வெயில் தொட்டால் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். அவனை அந்த நேரத்துக்குப் போர்வையிலிருந்து எழுப்புவதற்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை.