பிரேக் பேட் செய்தவன் நான் இல்லை, ஆனால் நோட்டீஸ் என் பெயருக்குத்தான் வந்தது

கேள்வி இதுதான்: சீனா, தைவானிலிருந்து கார் பார்ட்ஸ் இறக்குமதி செய்து விற்கும் சின்ன கடைக்காரர் ஒருவர், பாகத்தில் குறை இருந்து விபத்து நடந்தால் தயாரித்த கம்பெனிதானே பொறுப்பு, எனக்கு எதற்குத் தனியாக இன்சூரன்ஸ், கடைக்குத்தான் ஏற்கெனவே பாலிசி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்.

இல்லைங்க, நீங்கள்தான் பொறுப்பு. அந்தக் கடை பாலிசியும் இதற்கு உதவாது. நானும் உங்களை மாதிரியே நினைத்துக்கொண்டிருந்தவன்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சென்னை ஜி.பி. ரோட்டில் 14 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். 2022ல் ஒரு ஐரோப்பிய காருக்கான பிரேக் பேட் 60 செட் இறக்கினேன். ஒரு செட்டை கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கி, அங்கேயே தன் மெக்கானிக்கிடம் கொடுத்து வண்டியில் பொருத்திக்கொண்டார். நாலு மாதம் கழித்து குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை, வண்டி தடுப்புச் சுவரில் மோதி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. சுவர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பேடை அவர் கடைக்கே கொண்டு வந்தார். உரசி வண்டியை நிறுத்தும் லைனிங், அதைத் தாங்கும் இரும்புத் தகட்டை விட்டுத் தனியாகப் பெயர்ந்திருந்தது. தகட்டைத் திருப்பிப் பார்த்தேன், பசை பிடித்திருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் துரு. பெயர்ந்த பிறகு ஏறிய துரு மாதிரி இல்லை, சுத்தம் செய்யாத தகட்டின் மேலேயே லைனிங்கை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பெட்டியில் என் கடை முகவரி போட்ட ஸ்டிக்கர். இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது எடை அளவுச் சட்ட விதி, அதனால் ஒட்டியிருந்தேன். தயாரித்த கம்பெனியின் பெயர் பெட்டியின் ஓரத்தில் சீன எழுத்தில் இருந்தது. அவர் யாரைத் தேடி வருவார், நீங்களே சொல்லுங்கள்.

வக்கீலைப் பார்த்தபோதுதான் சட்டம் புரிந்தது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளால் காயமோ உயிரிழப்போ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் யார் ஈடு தர வேண்டும் என்பதற்கு அதில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. விற்பவர் என்ற சொல்லுக்குள் இறக்குமதி செய்பவரும் அடக்கம். தயாரிக்காமல் விற்க மட்டும் செய்பவர் எப்போது மாட்டுவார் என்று சொல்வது 86ஆம் பிரிவு. அதில் ஒரு உட்பிரிவை நீங்கள் ரெண்டு தடவை படிக்க வேண்டும். தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலும், அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருந்தாலும், அவர் மேல் உத்தரவை நிறைவேற்ற முடியாவிட்டாலும், விற்றவர்தான் பொறுப்பு. வெளிநாட்டுச் சின்னக் கம்பெனியிடம் சரக்கு எடுக்கிற நம்மைப் போன்றவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே இதற்குள் வந்துவிடுவோம். சொந்த பிராண்ட் பெயர் அச்சடித்து விற்கிறீர்களா, அப்படியானால் சட்டம் உங்களைத் தயாரிப்பாளராகவே எடுத்துக்கொள்ளும்.

நான் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். என் பில் எல்லாவற்றிலும் ‘40,000 கி.மீ. கியாரண்டி’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவேன். தயாரித்த கம்பெனி அப்படி எதுவும் சொல்லவில்லை, வியாபாரத்துக்காக நானே போட்டது. விற்பவர் தானாக ஒரு உத்தரவாதம் கொடுத்து பொருள் அதன்படி நிற்கவில்லை என்றால், அதே 86ஆம் பிரிவில் அதுவும் தனியாக ஒரு காரணம். அந்த ஸ்டாம்பை அன்றைக்கே தூக்கிப் போட்டேன். உங்களிடம் இருந்தால் நீங்களும் போட்டுவிடுங்கள்.

வழக்கை அவர் கோயம்புத்தூரில் போட்டார், ஏனென்றால் புதுச் சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். எந்த நுகர்வோர் ஆணையம் என்பதும் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கிற நஷ்டஈட்டை வைத்து இல்லை. அதனால் சில ஆயிரம் ரூபாய் பேடுக்கு பல லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். பதில் கொடுக்க 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. தவறவிடாதீர்கள்.

சரி, இன்சூரன்ஸ். கடை பாலிசியை எடுத்துக்கொண்டு ஏஜெண்டிடம் ஓடினேன். தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் இருந்தது. ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்று ஒரு பகுதியும் இருந்தது, அதைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் தைரியமாக இருந்தேன். ஆனால் அது கடைக்குள் வந்தவர் மேல் ரேக் சரிந்து விழுந்தால் கொடுப்பது. விற்ற பொருள் கடையைத் தாண்டிப் போய் ஏற்படுத்தும் சேதம் அதில் வராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கடைசியில் வழக்கை சமரசம் பேசி முடித்தேன், ஆஸ்பத்திரிச் செலவும் வண்டிச் செலவும் சேர்த்து 3 லட்சத்து 80 ஆயிரம், முழுக்க என் கைக்காசு. அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். அதே இடத்தில் ஒரு உயிர் போயிருந்தால், நானே கொடுக்க நினைத்தாலும் என்னிடம் இருந்திருக்காது. இன்சூரன்ஸ் உங்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது, விற்ற பொருளால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு ஈடு கொடுக்கும் ‘பிராடக்ட் லயபிலிட்டி’ பாலிசி, இல்லையென்றால் அதையும் உள்ளடக்கிய ‘கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி’. பிரீமியம் பெரும்பாலும் டர்ன்ஓவரையும் என்ன பாகம் விற்கிறீர்கள் என்பதையும் வைத்துப் போடுவார்கள். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் இருந்தால் கூடும். கூடுமே என்று பாலிசிக்கு விண்ணப்பிக்கும் ப்ரொபோசல் ஃபார்மில் ‘ஆக்சஸரீஸ்’ என்று மட்டும் எழுதச் சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள், க்ளெய்ம் வரும் நாளில் மறைத்தீர்கள் என்று அதையே காட்டி மறுப்பார்கள்.

இங்கே இந்த பாலிசி பெரும்பாலும் ‘க்ளெய்ம்ஸ் மேட்’ முறையில் வரும். அதாவது எப்போது விற்றீர்கள் என்பது போதாது, நஷ்டஈடு கேட்டு க்ளெய்ம் உங்கள் மேல் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். அதில் ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’ என்று ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த விபத்துக்குக் காசு வராது. ஒரு வருஷம் ரினியூ செய்யாமல் விட்டாலோ, வேறு கம்பெனிக்கு மாறும்போது பழைய தேதியைத் தொடரச் சொல்லாவிட்டாலோ அத்தனை வருஷப் பாதுகாப்பும் போய்விடும். கடையை மூடினாலும் அப்படியே, ஏனென்றால் நீங்கள் விற்ற பேட் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வக்கீல் செலவு பாலிசித் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். நோட்டீஸ் வந்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொண்டு வாட்ஸ்அப் அனுப்பினால் அதுவே சிக்கலாகும்.

சப்ளையரிடமும் ஒன்று கேட்கலாம். அவருக்கு பிராடக்ட் லயபிலிட்டி பாலிசி இருந்தால், ‘வெண்டர்ஸ் எண்டார்ஸ்மென்ட்’ மூலம் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், இந்தியாவில் போடும் வழக்குக்கும் அது செல்லுமா என்று பாருங்கள். பேக்கிங்கை மாற்றினாலோ, நான் குத்திய மாதிரி சொந்த கியாரண்டி கொடுத்தாலோ அது செல்லாது. என் சப்ளையர் மெயிலுக்கே பதில் போடவில்லை. உங்கள் சப்ளையர் சேர்த்தாலும் அதையே பெரிதாக நம்ப வேண்டாம், உலகம் முழுக்கக் கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் கொடுத்த ஜப்பானின் தகாட்டாவே, அந்த ஏர்பேக்கில் குறை வந்து 2017ல் திவால் மனு போட்டது.

அப்புறம், விற்ற சரக்கைத் திரும்ப வாங்கும் செலவு இந்த பாலிசியில் வராது, அதற்கு ‘ரீகால்’ கவர் தனி. விபத்து நடந்த வாரமே நானும் பையனும் பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். விபத்தான வண்டியில் இருந்தது போக 59 செட்டில் 43 செட் திரும்ப வந்தது. மீதி 16, பில்லில் பெயரும் நம்பரும் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்றது. எந்த வண்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது லாட் நம்பரும் போன் நம்பரும் எழுதாமல் ஒரு செட் பேட் கூடக் கடையை விட்டு வெளியே போவதில்லை.