கேள்வி-பதில்: யாருடைய வண்டி, யாருடைய பெர்மிட், எந்தப் பாதை?

கே: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கான ‘கேன்யன்லேண்ட்ஸ் முழு நாள் ஜீப் பயணம்’ வாங்கினோம். முக்கால்வாசி தார்ச்சாலை. மேலே நின்று படம் எடுத்ததோடு சரி, பள்ளத்தாக்கில் இறங்கவே இல்லை. பணம் கிடைக்குமா?

ப: கேட்டு வாங்குங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விளம்பரப் பக்கத்தையும் டிக்கெட் மின்னஞ்சலையும் இன்றே படமெடுத்து வையுங்கள், பக்கத்தை மாற்றிவிடுவார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அமெரிக்க கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ஒப்புக்கொண்டபடி சேவை தரவில்லை என்று வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான் கெடு. நிறுவனம் ‘பார்க்கிறோம், பார்க்கிறோம்’ என்று இழுத்தால் அந்தக் கெடுதான் கரையும். காத்திருக்காதீர்கள்.

கே: தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் மானுமெண்ட் வேலியில் செல்லுமா?

ப: செல்லாது. அது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பூங்கா. கட்டணம் தனி.

கே: ஒரு புக்கிங் தளத்தில் விலை குறைவு. அங்கேயே வாங்கிவிடலாமா?

ப: இந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக ஒரு வண்டிகூடக் கிடையாது. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு உங்களை வேறொருவரிடம் ஒப்படைப்பார்கள். அந்த வேறொருவர் யார் என்பது கிளம்பும் அன்று காலையில்தான் தெரியவரும். தகராறு வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். இதைத்தான் நான் மன்னிப்பதில்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் கூலிக்கு ஆள் கூட்டிப்போக, பூங்கா நிர்வாகத்தின் வணிக அனுமதி வேண்டும். மோவாபைச் சுற்றியுள்ள மணற்பாறைப் பாதைகளில் பல, கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருக்கின்றன. அங்கே தனி பெர்மிட். நவஹோ நிலத்தில் நவஹோ நிர்வாகத்தின் அனுமதி. அங்குள்ள குறுகிய பாறைப் பிளவான ஆன்டலோப் கேன்யனுக்குள் அனுமதி பெற்ற கைடு இல்லாமல் போகவே முடியாது. மானுமெண்ட் வேலியில் 17 மைல் சுற்றுப்பாதையைச் சொந்த வண்டியில் பார்க்கலாம், அதைத் தாண்டினால் கைடு கட்டாயம். ஆகவே முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: வண்டியை ஓட்டும் நிறுவனம் எது, எந்த நிலத்துக்குப் பெர்மிட் வைத்திருக்கிறது, பாதையின் பெயர் என்ன, அதில் மண்பாதையில் எத்தனை மணி நேரம். ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றுவதிலேயே காலை கழிந்த ‘முழு நாள்’ டிக்கெட்டை நானும் வாங்கியிருக்கிறேன்.

பாதையின் பெயர் ஏன் முக்கியம்? கேன்யன்லேண்ட்ஸின் ஒயிட் ரிம் பாதை முழுவதும் சுமார் 100 மைல். பெரும்பாலானோர் இரண்டு, மூன்று நாள் எடுத்துக்கொள்வார்கள். ‘நான்கு மணி நேர ஒயிட் ரிம்’ என்றால் ஷேஃபர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மசல்மன் ஆர்ச் என்ற பாறை வளைவு வரை எட்டிப் பார்த்துவிட்டு, பொட்டாஷ் சாலை வழியே திரும்புவார்கள். அது நல்ல பயணம்தான். அதை அப்படியே எழுதி விற்கட்டும்.

கே: வாடகை எஸ்யூவி எடுத்திருக்கிறோம். ஆல் வீல் டிரைவ்தானே, கைடு எதற்கு?

ப: வாடகை ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? தார் இல்லாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். மீறினால் இன்சூரன்ஸும் போச்சு. கேன்யன்லேண்ட்ஸின் கடினப் பாதைகளுக்கு லோ ரேஞ்ச் கியரும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவுவது) தரையிலிருந்து நல்ல உயரமும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். ஆல் வீல் டிரைவ் அதற்கு ஈடாகாது. சிக்கினால் இழுத்து வரும் கூலி ஆயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம்.

கே: பேஜ் ஊரிலிருந்து சரியான நேரத்துக்கு மானுமெண்ட் வேலி போனோம். ‘ஒரு மணி நேரம் லேட்’ என்று சொல்லி வண்டி போய்விட்டது!

ப: பாவம், இது உங்கள் தவறல்ல. பேஜ் இருக்கும் அரிசோனா மாநிலம் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் மாற்றுவதில்லை. மானுமெண்ட் வேலி அடங்கிய நவஹோ நாடு, அதாவது நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதி, மாற்றும். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மானுமெண்ட் வேலி பேஜைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். போனும் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். எந்த நேரக் கணக்கு என்று டிக்கெட்டில் எழுதவில்லையென்றால், அதைக் காட்டி மறுநாள் இடம் கேளுங்கள்.

கே: வானத்தில் மேகமே இல்லை. வெள்ள அபாயம் என்று ஆன்டலோப் கேன்யன் பயணத்தை ரத்து செய்துவிட்டு வவுச்சர் தருகிறார்கள்.

ப: ரத்து செய்தது சரி. 1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை கொட்டியது அங்கே அல்ல, பல மைல் தள்ளி. பாறை தண்ணீரை உறிஞ்சாது, எல்லாம் அந்தக் குறுகிய பிளவுக்குள் பாயும். ஆனால் வவுச்சர் சரியல்ல. ரத்து செய்தது அவர்கள், முழுப் பணத்தையும் கேளுங்கள். கோடை மழைக்காலத்தில் புக் செய்பவர்கள் ரத்தானால் பணமா வவுச்சரா என்ற இந்த ஒரு விதியை முன்பே படித்துவிடுங்கள்.

கே: அம்மாவுக்கு முதுகுவலி. கூட்டிப்போகலாமா?

ப: பின்னால் பெஞ்சு போட்ட திறந்த டிரக் வேண்டாம். மூடிய ஜீப்பில் முன் இருக்கையை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். மண்பாதை தொடங்குமிடத்தில் டயர் காற்றைக் குறைப்பார்களா என்றும் கேளுங்கள். 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 20 அளவுக்கு இறக்கினால் பிடிமானம் கூடும், குலுக்கல் பாதியாகக் குறைந்தது போலிருக்கும். ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று சொல்பவரிடம் அம்மாவை ஏற்றாதீர்கள்.